ஒருநாள் ஹயர்: பாண்டிருப்பிலிருந்து நாலு திசையும்

"அண்ணன், வாற ஞாயிறு வான் இருக்கா? புள்ளைகளக் கூட்டிட்டு எங்கயாவது ஒருநாள் போய் வரணும்."

எனக்கு வரும் தொலைபேசிப் பேச்சு அனேகமாக இப்படித்தான் தொடங்கும். எங்கே என்று கேட்டால் "எங்கயாவது" என்றுதான் பதில் வரும். அந்த "எங்கயாவது"தான் என் பிழைப்பு. பாண்டிருப்பில் ஒரு பழைய டொல்பின் வான் வைத்து ஹயர் ஓடுகிறேன். பெரியநீலாவணை தொடக்கம் காரைதீவு மட்டும் கல்முனைக் கரையோரத்துத் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் என் வானில் ஏறுகிறார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் மச்சம் இல்லாத சோற்றைக் கட்டிக்கொண்டு விடியப்புறம் வெளிக்கிடுவார்கள். பெருநாளுக்கு மறுநாள் போகிறவர்கள் புரியாணிச் சட்டியையும் சஹனையும் ஏற்றிவிட்டு, சுபஹ் தொழுகை முடிந்து வருவார்கள். ஹயர் ஒன்றுதான், வாடகையும் ஒன்றுதான்.

எங்கே போவது என்று முடிவெடுக்க நான் சில கேள்விகள் கேட்பேன். எந்த மாதம்? வானில் ஏறப்போகிற மிக வயதானவர் ஆர்? மிகச் சின்னவர் ஆர்? ஆருக்காவது சீனி வருத்தம் இருக்கா? கடைசிக் கேள்விக்குச் சிலர் சிரிப்பார்கள். சீனி வருத்தக்காரர் அடிக்கடி இறங்க வேண்டும், இறங்க இடம் வேண்டும். அது தெரியாமல் பயணம் போட்டால் பாதி வழியில் எல்லாருக்கும் முகம் கறுத்துவிடும்.

காற்றைக் கேட்டுப் புறப்படு

முதல் கேள்வி மாதம். கிழக்குக் கரையில் கடல் குளிப்பதற்குக் காலம் உண்டு. சித்திரை கழிந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் கடல் அடங்கும். தென்மேல் பருவக்காற்று கொழும்புப் பக்கத்திலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிச் சூடாக எங்கள் பக்கம் இறங்குகிறது. தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையில் அலை தணிந்து கிடக்கும். ஐப்பசியில் காற்று திரும்பும். வாடை வந்தால் மழையும் வெள்ளமும் கொந்தளிப்பும் தை வரை நிற்கும். கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையிலுள்ள கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும் காலமும் அதுதான்.

ஆகவே ஆகஸ்ட் பாடசாலை விடுமுறை எங்கள் கரைக்குரியது. டிசம்பர் விடுமுறையில் காலி, ஹிக்கடுவைப் பக்கம் கடல் நல்லாயிருக்கும். டிசம்பரில் வந்து "பாசிக்குடா போவம்" என்று நிற்கிற கொழும்புச் சொந்தங்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். கேட்காவிட்டால் கொண்டுபோய்க் காட்டுவேன். சாம்பல் நிறத்தில் குமுறும் கடலை வானுக்குள் இருந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

வடக்கு: வாவியோடு போகிற ரோட்டு

வடக்கே ரோட்டு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஓடுகிறது. மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கல்லாற்றில் ஒரு வாயாலும், பாலமீன்மடு முகத்துவாரத்தில் இன்னொரு வாயாலும் கடலோடு சேர்கிறது. கல்லாற்றுப் பாலத்தில் கொஞ்சம் நிறுத்தினாலே பிள்ளைகளுக்குச் சந்தோஷம். தோணியில் நின்று வலை எறிகிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சின்னப் பயணம் வேண்டுமென்றால் நான் சொல்வது மண்டூர். களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் குருமண்வெளித் துறையில் வானை விட்டுவிட்டு, பாதை என்று நாங்கள் சொல்லும் இயந்திர மிதவையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். அக்கரையில் முருகன் கோயில். சின்னக் கதிர்காமம் என்று பெயர். கதிர்காமத்தைப் போலவே இங்கும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை நடக்கும். பிள்ளைகளிடம் கேட்டால் கோயிலைவிடப் பாதையைத்தான் சொல்வார்கள். அம்மம்மாவிடம் கேட்டால் கோயிலை. ஒரே பயணத்தில் இரண்டு பேரும் திருப்திப்படுகிற இடங்கள் குறைவு, மண்டூர் அதில் ஒன்று. ஆவணித் திருவிழாவில் மட்டும் துறையில் நெரிசல், கைக்குழந்தையோடு போகாதீர்கள்.

மட்டக்களப்பு நகரம் எங்களிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர். போகும் வழியில் காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை இருக்கிறது. 2015இல் திறந்தது. பழைய முஸ்லிம் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்பதை ஆளுயர உருவங்களாக வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளையும் உள்ளே கூட்டிப் போகச் சொல்வேன். பக்கத்து வீட்டின் கதை அது.

பின்னேரத்துக்குக் கல்லடிப் பாலம். 1924இல் கட்டிய இரும்புப் பாலத்துக்கு அந்தக் காலத்து ஆளுநரின் மனைவி பெயரில் லேடி மேனிங் பாலம் என்று பெயர் வைத்தார்கள். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தது. பூரணை இரவில் வாவிக்குள் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் பாட்டுக் கேட்கும் என்பார்கள். மீன் பாடுகிறது என்பது ஊர்ப் பெருமை. ஊரிதான் பாடுகிறது என்று தோணிக்காரர் திருத்துவார்கள். மட்டக்களப்பில் கோட்டையும் உண்டு. போர்த்துக்கீசர் 1628இல் கட்டினார்கள், பத்து வருஷத்தில் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பாலமீன்மடு வெளிச்சவீடு 1913க்குரியது. அதன் அடியில் வாவிப் படகுச் சவாரி எடுக்கலாம், மிதவைச் சட்டை போடாமல் பிள்ளையை ஏற்ற வேண்டாம்.

பாசிக்குடா இன்னும் 35 கிலோமீற்றர் அளவு வடக்கே. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேலே வராது. நீந்தத் தெரியாத உம்மாமாரும் அம்மாமாரும் பயமில்லாமல் கடலில் இறங்குவது அங்கேதான். பிள்ளைகள் களைத்தாலும் அவர்கள் ஏற மாட்டார்கள். சேலையோடும் அபாயாவோடும் கழுத்தளவு தண்ணீரில் குந்தியிருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். "அஞ்சு மணியாகுது, ராத்தா" என்று நான் கரையில் நின்று கூப்பிட்டால், "மறுகா வாறம்" என்று கையை ஆட்டுவார்கள்.

மேற்கு: குளமும் யானையும்

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினால் சம்மாந்துறை, மல்வத்தை, பிறகு அம்பாறை. இரண்டு பக்கமும் வட்டை. வெள்ளாமை பச்சையாய் நிற்கிற காலத்தில் இந்த ரோட்டே ஒரு பயணம். இந்தப் பச்சைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டத்தான் இங்கினியாகலைக்குப் போக வேண்டும்.

பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டியது சேனநாயக்க சமுத்திரம். நாட்டின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் பெயர். 1949இல் வேலை தொடங்கியது, கட்டியது மொறிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. அணைக்கட்டு ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளம். இலங்கையில் இதைவிடப் பெரிய நீர்த்தேக்கம் இல்லை. கல்லோயாக் குடியேற்றத் திட்டமும் இதோடு வந்ததுதான். அதனால் இந்த மாவட்டத்தின் முகமே மாறியது. அம்பாறை தனி மாவட்டமாக மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது 1961இல்.

நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காடு 1954இலிருந்து கல்லோயா தேசியப் பூங்கா. இங்கே ஜீப்பைவிடப் படகுதான் விசேஷம். குளத்துக்குள் தீவு தீவாய்த் திட்டுகள் இருக்கின்றன, ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்கு யானை நீந்திப் போகும். தும்பிக்கையும் நெற்றியும் மட்டும் மேலே தெரியும். படகுக்கும் உள்ளே போகவும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி எடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கட்டணம் பல மடங்கு. லண்டன் மருமகனையும் கனடா மச்சாளையும் கூட்டிப் போகிறவர்கள் இதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள். ரிக்கெட் யன்னலில் நின்று, "இவரும் பாண்டிருப்பில பொறந்த ஆள்தான்" என்று வாதாடிப் பிரயோசனமில்லை.

படகுக்குக் காசு கட்டுப்படி ஆகாதவர்களுக்கு அம்பாறை நகரத்துக்குக் கிட்டவே கொண்டவட்டவான் குளம் இருக்கிறது. அங்கே சுத்திகரிக்கும் தண்ணீர்தான் கரையோர ஊர்களின் குழாய்களுக்கும் வருகிறது. இங்கினியாகலை ரோட்டில் ஜப்பான் பிக்குகள் கட்டிய சமாதானத் தாதுகோபத்தின் பக்கம் பின்னேரத்தில் யானைகள் கடந்து போவதுண்டு. வானுக்குள் இருந்து பாருங்கள். செல்ஃபிக்காக இறங்குகிறவரை நான் ஏற்ற மாட்டேன் என்று முதலே சொல்லிவிடுவேன். இருட்டுமுன் சம்மாந்துறைக்கு வந்துவிடுவது என் சட்டம்.

தெற்கு: நீளமான நாள்

தெற்குப் பயணத்துக்கு விடிய நாலு மணிக்கு வெளிக்கிட வேண்டும். முதல் ஊர் காரைதீவு. விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். யாழ் நூல் எழுதியவருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பயணமென்றால் கட்டாயம் நிறுத்துவேன்.

அடுத்தது ஒலுவில். தென்கிழக்குப் பல்கலைக்கழகம், வெளிச்சவீடு, 2013இல் திறந்த துறைமுகம் மூன்றும் அங்கேதான். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் மணல் ஓட்டத்தை மறித்தது. அதனால் ஒரு பக்கம் கரையைக் கடல் தின்றது, வாயில் மணல் அடைத்தது. பத்தாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தில் இருக்கிற கடலரிப்பைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல இடமில்லை. குளிக்க மட்டும் விடாதீர்கள்.

அக்கரைப்பற்றைக் கடந்தால் திருக்கோவில். கடலைப் பார்த்த சித்திர வேலாயுத சுவாமி கோயில், ஆடி அமாவாசைக்குச் சமுத்திரத் தீர்த்தம். செத்துப்போன அப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்ய வருகிற சனம் கரையை நிரப்பும். அன்று அது சுற்றுலா இல்லை, ஆனாலும் முழுக் குடும்பமும் வரும், சோறு வரும், பிள்ளைகள் மணலில் விளையாடுவார்கள். இன்னும் தெற்கே சங்கமன்கண்டி முனை. இலங்கைப் பெருநிலத்தின் ஆகக் கிழக்கான இடம் அது, பிள்ளைகளுக்கு வரைபடத்தில் காட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

பொத்துவிலுக்கு அங்கால் அறுகம்குடா. சித்திரை கடந்து ஐப்பசி வரை உலகத்து ஆட்களெல்லாம் பலகையைத் தூக்கிக்கொண்டு அலைக்கு வருவார்கள். எங்கள் குடும்பங்களுக்கு அலைச்சறுக்கு பார்க்க மட்டும்தான். வெளிமுனையில் அலை உடைகிற இடத்துக்குப் போகாமல் குடாவின் உட்பக்கத்தில் கால் நனையுங்கள். மூத்தவர்களுக்கு அரைக் காற்சட்டைக் கூட்டம் கொஞ்சம் சங்கடம். அவர்களைப் பொத்துவில் களப்புத் தோணிப் பயணத்துக்கு அனுப்பினால் கண்ணாக் காட்டுக்குள் நிழலாய் இருந்து வருவார்கள்.

யானை பார்க்கக் காசு இல்லாதவர்களுக்கு லகுகல. 1980இல் தேசியப் பூங்கா ஆக்கியது, 1,554 ஹெக்டயர்தான், நாட்டின் மிகச் சிறிய பூங்காக்களில் ஒன்று. மொனராகலை போகும் ஏ4 ரோட்டோரத்திலேயே குளம். ஆகஸ்ட், செப்டெம்பரில் குளத்துப் புல்லுக்கு யானைக் கூட்டம் இறங்கும். ரோட்டில் நின்றே காணலாம்.

பாணமை தாண்டிய ரோட்டின் முடிவில் உகந்தை முருகன் கோயில், அதோடு குமண. முந்தி யால கிழக்கு என்றிருந்த பூங்காவுக்கு 2006இலிருந்துதான் குமண என்று பெயர். வைகாசி, ஆனியில் வில்லுக்குளத்துக் கண்ணா மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டும். ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் காட்டுக்குள் நுழைவதும் இந்த வாசலால்தான். ஒரே நாளில் பாண்டிருப்பிலிருந்து உகந்தை போய்த் திரும்பலாம், பூங்காவுக்குள்ளும் போவதென்றால் இரவு தங்குங்கள்.

பூட்டிக் கிடந்த வருஷங்கள்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பக்கத்து ஊருக்கு இவ்வளவு விளக்கமா என்று வெளியூர் வாசகர் நினைக்கலாம். குமண 1985இல் மூடியது, 2003இல்தான் திறந்தது. யுத்த காலத்தில் இந்த ரோட்டுகளில் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏற வேண்டும். வானில் ஒரு தமிழ்ப் பெடியன் இருந்தால் தாய்க்கு வீடு வந்து சேரும் வரை நெஞ்சு அடங்காது. இன்றைக்கு அறுபது வயதில் இருக்கிறவர்கள் தங்கள் இளமைக் காலத்தில் இங்கினியாகலையையோ பாணமையையோ காணவில்லை. பேரப்பிள்ளைகளைக் காட்டி "இதுகளுக்காகத்தான் போறம்" என்பார்கள். உண்மையில் முதல் தடவை பார்ப்பது அவர்களும்தான்.

கிழக்கு: வீட்டு வாசல் கடல்

கிழக்கே கடல். அதற்கு வான் தேவையில்லை. ஆனாலும் சில வருஷங்கள் ஆரும் போகவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுனாமியில் நாட்டிலேயே கூடிய உயிர்ச்சேதம் அம்பாறை மாவட்டத்துக்குத்தான், 10,000 பேருக்கு மேல். பாண்டிருப்பும் மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் பட்ட அடி இன்றும் கரையோர வெற்றுக் காணிகளில் தெரியும். கடலைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற தாய்மாரை நான் ஏற்றியிருக்கிறேன். கடலோர ரோட்டை விட்டு உள்ளால் போகச் சொல்வார்கள், நானும் போவேன். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் அவர்களை மெல்ல மெல்லக் கரைக்கு இழுத்து வந்தார்கள். 2022இல் பெற்றோல், டீசல் வரிசை வந்து ஹயர் எல்லாம் நின்ற மாதங்களில் கரையில் கூட்டம் இன்னும் கூடியது. இப்போது பின்னேரங்களில் கச்சான், அவித்த சோளம், ஐஸ்கிறீம் மணி, பட்டம்.

திருவிழாக்களும் எங்களுக்குப் பயணம்தான். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயம் புரட்டாதி, ஐப்பசியில் 18 நாள். பாரதக் கதை ஊர் வீதியில் நடக்கும். வனவாசம், அருச்சுனன் தவநிலை, கடைசியில் தீமிதிப்பு. வெளிநாட்டிலிருக்கும் பாண்டிருப்பார் லீவு எடுப்பது இதற்குத்தான். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை நினைவாகக் கொடியேற்றம் நடக்கும். வளையல் கடையும் தொதல் கடையும் நிரம்பும், தமிழ்ச் சனமும் போகும். போகிற வழியில் மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் வாங்கலாம். தறிச் சத்தம் கேட்கிற வீட்டில் பணிவாய்க் கேட்டால் நெய்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

தண்ணீர் குடிக்காத பயணம்

இனி என் மனதில் கிடப்பதைச் சொல்கிறேன். என் மனைவியின் தம்பி மகள் இங்கிலாந்தில் கெண்ட் என்ற கவுன்டியில் இருக்கிறாள். அங்கே பழைய மாளிகை, கோட்டை, தோட்டம் என்று குடும்பங்கள் ஞாயிறு தோறும் கிளம்பிவிடும். டோவர் கோட்டை, சிசிங்ஹர்ஸ்ட் தோட்டம் என்று பெயர்கள் சொன்னாள். இப்படியான பல இடங்களை 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. போகுமுன்னே கழிவறை எங்கே, தள்ளுவண்டி போகுமா, தேத்தண்ணிக் கடை எத்தனை மணிக்குப் பூட்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடுமாம். இங்கே வந்தபோது கைக்குழந்தையோடு ஒரு பேர்போன கரையில் இறங்கினாள். "மாமா, பாத்ரூம் எங்க?" என்றாள். புதிதாய்க் கட்டிய கழிவறை ஒன்று இருந்தது. அதற்குப் பூட்டுப் போட்டிருந்தது, திறப்பு ஆரிடம் என்று ஆருக்கும் தெரியவில்லை. பக்கத்திலேயே படம் எடுக்க ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பின் கண்ணாடியில் நான் காண்கிற விஷயம் இது: எங்கள் பெண்கள் பயண நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. முதல் நாள் இரவிலிருந்தே குறைத்துவிடுவார்கள். கச்சான் வெயிலில், பத்து மணித்தியாலப் பயணத்தில், நாக்கை நனைக்க மட்டும் ஒரு வாய். கேட்டால், "எனக்குத் தாகமில்ல மனே" என்பார்கள். தாகம் இல்லாமல் இல்லை, இறங்க இடம் இல்லை. சீனி வருத்தக்கார மூத்தம்மா ஒருத்தர் இதனாலேயே வீட்டில் தங்கிவிடுவார், பேரப்பிள்ளைகள் அவருக்குக் கைத்தொலைபேசியில் யானைப் படம் கொண்டுவந்து காட்டுவார்கள்.

ஆகவே வழியில் எந்தப் பள்ளிவாசலில், எந்தக் கோயில் மடத்தில், எந்த எரிபொருள் நிலையத்தில், எந்தச் சொந்தக்காரர் வீட்டில் முகம் சுளிக்காமல் கதவு திறப்பார்கள் என்று ஒரு பட்டியல் என் மனதில் வைத்திருக்கிறேன். என் ஹயருக்கு ஆள் வருவது வானுக்காக இல்லை, அந்தப் பட்டியலுக்காகத்தான் என்று நினைக்கிறேன். பிரதேச சபைகளிடமும் சுற்றுலாக் காரியம் பார்க்கிறவர்களிடமும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு இடத்திலும் பூட்டாத கழிவறை, அதைக் கழுவிப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தோடு ஒரு ஆள், ஒரு தண்ணீர்க் குழாய், நாலு வேம்பு. கடலும் குளமும் யானையும் கோயிலும் பள்ளியும் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றுக்கு ஒருவரும் காசு செலவழிக்கத் தேவையில்லை.

அது வரும் வரைக்கும், பயணம் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கே போவது என்று பெடியன்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் எங்கே விட்டாலும் விளையாடுவார்கள். வீட்டில் ஆக மூத்த பெண்ணிடம் கேளுங்கள். அவர் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கக்கூடிய இடமாகப் பார்த்து நாளைக் குறியுங்கள். வானை நான் கழுவி வைக்கிறேன்.